மடக்கு சைக்கிளும் மூணு ஸ்பூன் சர்க்கரையும்

"ஃபோல்டிங் சைக்கிள் வாங்கலாமா டாக்டர்?"னு இந்த மாசம் மட்டும் நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க. "சுகர் இருக்கு, சைக்கிள் ஓட்டலாமா?"ன்னு கேட்டவங்க அதைவிட அதிகம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மறைமலைநகர்ல எங்களுக்கு ஒரு சின்ன சைக்கிள் குழு இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான். எட்டு ஒம்போது பேர் சேருவோம். எல்லார்கிட்டயும் மடக்கு சைக்கிள். ஸ்டைலுக்காக வாங்கினதில்ல. ஜிஎஸ்டி ரோடுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்காக.

இந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும். லாரி, கம்பெனி பஸ், ஆம்னி பஸ், எதிர்த்திசையில வர்ற பைக் எல்லாம் ஒரே ரோட்டுல. அதுல சைக்கிள் ஓட்டிட்டு செங்கல்பட்டு போங்கன்னு ஒரு டாக்டரா நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விபத்துல வர்றவங்கள தினம் பாக்குற ஆளு நான்.

அதனால நாங்க ரயில்ல போறோம். மறைமலைநகர் ஸ்டேஷன்ல சைக்கிளை மடிச்சு, துணி உறையில போட்டு, கதவை மறைக்காம ஒரு ஓரமா வச்சுக்குவோம். சிங்கபெருமாள்கோயில், பரனூர், அடுத்து செங்கல்பட்டு. ரயில் கொளவாய் ஏரி ஓரமா போகும்போது விடிஞ்சுக்கிட்டு இருக்கும். இறங்கி, வெளியில வந்து விரிச்சா சைக்கிள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். ஜிஎஸ்டி ரோட்டோட ஒப்பிட்டா அமைதியான ரோடு.

"சக்கரம் இவ்ளோ குட்டியா இருக்கே, மிதிச்சுக்கிட்டே இருக்கணுமா?" எல்லாரும் கேக்குற கேள்வி. இல்ல. சாதாரண சைக்கிள் சக்கரம் 26, 28 இன்ச். இது 16 அல்லது 20. அதுக்கு ஈடா முன்னாடி பல்சக்கரத்தைப் பெருசா வச்சிருப்பாங்க. ஒரு மிதிக்குப் போற தூரம் கிட்டத்தட்ட அதேதான். குட்டிச் சக்கரத்தோட உண்மையான குறை பள்ளம். பெரிய சக்கரம் தாண்டிப் போற பள்ளத்துல இது இறங்கி ஏறும். ஹேண்டில் பாரும் கொஞ்சம் படபடன்னு திரும்பும், ஒத்தைக் கையில ஓட்டாதீங்க. ஏறுறதுக்கு முன்னாடி மடிக்கிற இடத்துல இருக்கற பூட்டு சரியா விழுந்திருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும். ஓடும்போது அது திறந்தா அவ்வளவுதான்.

இது புது விஷயமும் இல்ல. ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் பாராசூட் வீரர்களுக்கு பிஎஸ்ஏ கம்பெனி மடக்கு சைக்கிள் செஞ்சு குடுத்துச்சு. இன்னைக்கு பிரபலமா இருக்கற பிராம்டன் 1970கள்ல லண்டன்ல ஆண்ட்ரூ ரிச்சி உருவாக்கினது. அதோட விலையைக் கேட்டா உங்களுக்கு பிபி ஏறும். நம்ம ரோட்டுக்கு சாதாரண 20 இன்ச் போதும். எடை மட்டும் பாத்து வாங்குங்க. 13, 14 கிலோவை ஸ்டேஷன் படிக்கட்டுல தூக்கிப் பாருங்க, புரியும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

தை மாசம் ஒரு ஞாயிறு. குழுவுல ஒரு அங்கிள், வயசு அறுபதுக்கு மேல, ரிட்டயர் ஆனவர். அவர் அனுமதியோடதான் எழுதறேன். கிளம்புறதுக்கு முதல் நாளே வாட்ஸப்புல போட்டிருந்தேன்: சுகர், பிபி, இதய மாத்திரை எது சாப்பிட்டாலும் எனக்குத் தனியா சொல்லுங்கன்னு. அவர் கட்டைவிரல் காமிச்சாரு. அவ்வளவுதான்.

செங்கல்பட்டுல இருந்து நல்லா வந்தாரு. பேசிக்கிட்டே வந்தாரு. திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பேச்சு நின்னுடுச்சு.

முதல்ல கவனிச்சது நான் இல்ல, எங்க குழுவுல இருக்கற ஒரு அக்கா. புதுக்கோட்டைக்காரங்க. 1990களோட தொடக்கத்துல அங்க அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் கத்துக்குடுத்துச்சு இல்லையா, அப்ப பழகினவங்க. அதுக்கு முன்னாடி அண்ணனோட சைக்கிள்ல திருட்டுத்தனமா குரங்கு பெடல். குழுவுலயே சைக்கிள் நல்லா ஓட்டறது அவங்கதான். என் பக்கத்துல வந்து மெதுவா சொன்னாங்க: "டாக்டர் தம்பி, அவர் பேச்சு சரியில்ல. ஊர் வந்துடுச்சான்னு மூணு தடவை கேட்டுட்டாரு. கோவமா வேற இருக்காரு."

நிறுத்தினோம். சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. தை மாசக் காலை, எங்க யாருக்கும் அந்த வேர்வை இல்ல. கை நடுக்கம். "எனக்கு ஒண்ணுமில்ல, வெயில்"னு எரிஞ்சு விழுறாரு. வெயிலே இன்னும் வரல.

பையில இருந்த குளுக்கோமீட்டர்ல குத்திப் பாத்தேன். 52.

70க்குக் கீழ போனாலே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழன்னா உடனே கவனிக்கணும். மூளைக்குச் சாப்பாடு குளுக்கோஸ். அது குறைஞ்சா கோவம், குழப்பம், உளறல் எல்லாம் வரும். குடிச்சிருக்காருன்னு நினைச்சு ஒதுங்கிப் போனவங்களால ரோட்டோரமா மயங்கிக் கிடந்து, அப்புறமா வார்டுக்கு வர்ற சுகர் நோயாளிகள் உண்டு.

பக்கத்துல டீக்கடை. ஒரு டம்ளர் தண்ணியில மூணு டீஸ்பூன் சர்க்கரை. சுமார் 15 கிராம். குடிக்க வச்சு, உக்கார வச்சு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும். டீக்கடை அண்ணன் பாசமா கிரீம் பிஸ்கட்டையும் சாக்லேட்டையும் நீட்டினாரு. அதுல கொழுப்பு இருக்கறதால சர்க்கரை ரத்தத்துல சேர நேரமாகும். முதல்ல சர்க்கரைத் தண்ணி, அப்புறம்தான் மத்தது. ஆள் நினைவில்லாம இருந்தா வாயில ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108 கூப்பிடுங்க.

அந்தப் பதினஞ்சு நிமிஷம் மலையைப் பாத்துட்டு நின்னோம். வேதகிரி. 'வேதாசலம்'ங்கற தன் பேரைத் தமிழாக்கித்தான் மறைமலையடிகள் மறைமலை ஆனாரு. வேதகிரியும் அதே பொருள்தான். எங்க ஊரு பேரும் இந்த மலை பேரும் ஒண்ணுன்னு குழுவுல பாதிப்பேருக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உச்சிவேளையில இந்த மலைக்கு ரெண்டு கழுகு வந்து பொங்கல் சாப்பிடும்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. பறவையியல்காரங்க அதை மஞ்சள்முகப் பாறுன்னு சொல்லுவாங்க. 1990களோட அது வர்றது நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா நாடு முழுக்க பிணந்தின்னிக் கழுகுகள் அழிஞ்சதுக்கு முக்கியக் காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக். 2006ல இந்தியா அதைக் கால்நடைக்குத் தடை பண்ணுச்சு. நம்ம ஓபில மூட்டுவலிக்கு "அந்த ஊசிய போடுங்க சார்"னு கேட்டு வாங்குறீங்களே, அதே மருந்து.

சரி, அங்கிள். ரெண்டாவது டெஸ்ட்ல 96. முகம் தெளிஞ்சுது. மூணு இட்லி சாப்பிட்டாரு. அப்புறம்தான் உண்மை வந்துச்சு. காலையில கிளிமிபிரைடு மாத்திரை போட்டிருக்காரு. வழியில டிபன் சாப்பிட்டுக்கலாம்னு வெறும் வயித்துல மிதிச்சிருக்காரு.

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னு பயந்தேன்."

அதுக்கு எனக்குப் பதில் வரல. அவர் மனைவி தவறி ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழமை காலையில அவர்கூட பேச எங்க எட்டு பேரைத் தவிர ஆள் இல்லைன்னு அக்கா அப்புறம் சொன்னாங்க.

அவருக்கு இப்ப சரியாயிடுச்சு, ஓட்டுறேங்கறாரு. நான் விடல. கிளிமிபிரைடு மாதிரி மருந்து பல மணி நேரம் வேலை செய்யும். ஏறின சர்க்கரை மறுபடி இறங்கலாம். சாதாரண சைக்கிளா இருந்தா இங்கதான் சிக்கல். சைக்கிளை யார்கிட்ட விடுறது, யார் எடுத்துட்டு வர்றதுன்னு யோசிச்சு, "மெதுவா மிதிச்சிடுறேன்"னு மனுஷன் கிளம்பியிருப்பாரு. மடக்கு சைக்கிளுக்கு அந்தப் பேச்சே இல்ல. அரை நிமிஷத்துல மடிச்சு ஆட்டோவுல வச்சோம். அவர்கூட அக்காவும் ஏறிட்டாங்க. நாங்க மாமல்லபுரம் போய்ச் சேரும்போது ரெண்டு பேரும் கடற்கரைக் கோயில் பக்கம் இளநீர் குடிச்சுட்டு, "ஏன் இவ்ளோ லேட்டு?"ன்னு கேக்கறாங்க. (இளநீருக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தாங்களாம். 134.)

அதனாலதான் புதுசா தொடங்குறவங்களுக்கு, வயசானவங்களுக்கு, நோய் இருக்கறவங்களுக்கு நான் மடக்கு சைக்கிளைச் சொல்றேன். பாதியில நிறுத்தறது இதுல சுலபம்.

சுகர் இருக்கறவங்க தாராளமா ஓட்டலாம். ஓட்டணும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டா தாழ்சர்க்கரை வர்றது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையோ இன்சுலினோ எடுத்தா, சவாரி நாள்ல டோஸ் எவ்வளவுன்னு உங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேளுங்க. தொடையில இன்சுலின் குத்திட்டு உடனே மிதிச்சா அது வேகமா உறிஞ்சப்படும், வயித்துல போடுங்க. நல்லா உழைச்ச அன்னைக்கு ராத்திரி கூட சர்க்கரை இறங்கலாம். கால் மரத்துப் போயிருந்தா செருப்போட ஓட்டாதீங்க, ஷூ போடுங்க, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்க. கூட வர்ற ஒருத்தருக்காவது உங்க மாத்திரை பேரு தெரிஞ்சிருக்கட்டும்.

திரும்பி வந்தது பஸ்ல. ரெண்டு பஸ்ஸா பிரிஞ்சு ஏறினோம். கண்டக்டர் உறையைத் தொட்டுப் பாத்து "உள்ள என்ன?"ன்னாரு. சைக்கிள்னு சொன்னதும் நம்பல, ஒண்ணைத் திறந்து காட்டினப்புறம் சிரிச்சுட்டே லக்கேஜ் டிக்கெட் கிழிச்சாரு.

அங்கிளோட டாக்டர் சவாரி நாளுக்கான மாத்திரை அளவை மாத்திக் குடுத்திருக்காரு. அவர் சைக்கிள் பையில இப்ப குளுக்கோஸ் பாக்கெட் ரெண்டு. அடுத்தது மதுராந்தகம் வரைக்கும் ரயில், அங்கிருந்து வேடந்தாங்கல். குழுவுல முதல்ல பேர் குடுத்தது அவர்தான், மாத்திரைச் சீட்டோட போட்டோவையும் சேர்த்துப் போட்டிருக்காரு.

சைக்கிள் பத்தின சந்தேகம் எதுவா இருந்தாலும் கீழ கேளுங்க. டோஸ் மட்டும் இங்க கேக்காதீங்க.