சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

காசு கொடுத்து ஜெயிலில் தங்குவீர்களா? முறைக்காதீர்கள். ஜெர்மனியில் கோல்டிட்ஸ் என்றொரு கோட்டை. அதில் 2007-ல் இளைஞர் விடுதியே திறந்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்தால் மியூசியமும் பார்க்கலாம்.

சாக்ஸனி பிரபுக்கள் வேட்டைக்கு வந்து இளைப்பாறிய இடம். பிறகு ஏழைகள் விடுதி. 1829 முதல் 1924 வரை மனநல மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரில், வேறு முகாம்களிலிருந்து தப்பித்து மாட்டிக்கொண்ட நேச நாட்டு அதிகாரிகளுக்கான சிறை. போர் முடிந்ததும் மறுபடி ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்... 1996 வரை!

கைதிகள் சும்மா இருக்கவில்லை. சுரங்கம் தோண்டினார்கள். ஜெர்மன் அதிகாரி போல வேஷம் போட்டு, 1942 ஜனவரியில் ஏரி நீவ் என்பவர் வெளியேறியே விட்டார். மச்சில் மரச் சட்டங்களையும் படுக்கைத் துணியையும் வைத்து, கஞ்சி பூசி, ஒரு கிளைடர் விமானமே கட்டினார்கள். அது பறப்பதற்குள் விடுதலையே வந்துவிட்டது.

எல்லோரும் சொல்கிற கதை இது. எனக்குப் பிடித்தது வேறு.

அங்கே அடைபட்டிருந்த ஒரே இந்தியர் பிரேந்திரநாத் மஜும்தார். பிரிட்டிஷ் ராணுவ டாக்டர். ஜெர்மன்காரர்கள் அவரை பெர்லினுக்கே கூட்டிப்போய் நேதாஜியைச் சந்திக்க வைத்தார்கள். 'ராணுவத்தில் சத்தியம் செய்திருக்கிறேன்' என்று மறுத்துவிட்டார். சரி, சக கைதிகளாவது கொண்டாடினார்களா? ஊஹூம். 'இந்தியன்தானே, உளவாளியாக இருப்பானோ' என்று சந்தேகப்பட்டார்கள். தப்பிக்கும் திட்டத்தில் சேர்க்கவில்லை. காந்தி வழியில் உண்ணாவிரதமிருந்து, இந்தியர் முகாமுக்கு மாற்றல் வாங்கினார். பிற்பாடு பிரான்ஸிலிருந்து தப்பி, நடந்தே 1944-ல் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

பி.காம். முடித்து முதல் வேலை. கல்லாவில் நாற்பது ரூபாய் குறைந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஆனால், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரன் நான் ஒருவன்தானே! இரண்டு நாள் கழித்து, கூட்டலில் தப்பு என்று தெரிந்தது. 'ஸாரிப்பா' என்று ஒரு குரல்கூட வரவில்லை.

கணக்கு இடித்தால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் போட்டுவைப்போம். தப்பு தெரிந்ததும் நேர்செய்துவிட வேண்டும். அதுதான் விதி. மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அந்த இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறோம்.

நீங்கள் யாரையாவது அப்படிப் போட்டுவைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே ஒரு போன் போடுங்களேன்.