அண்ணன் ஃபோன்

அனகாபுத்தூரில் ஒரு பள்ளியில் நான் நூலகர். அப்படியொரு வேலை இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. பல பள்ளிகளில் நூலகம் என்பது பூட்டிய பீரோதானே, சாவி தமிழாசிரியரிடம் இருக்கும். என் அறையில் பீரோக்களோடு இணைய வசதியுள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. மதிய இடைவேளையில் அதற்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பையன்களுக்கு அது தேவைப்படுவதில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போனது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. டிவியிடம் சந்தேகம் கேட்க முடியுமா? ஒரே ஃபோன் உள்ள வீட்டில் அது பகலில் அப்பாவோடு வேலைக்குப் போகும், சாயங்காலம் அண்ணன் கைக்கு வரும். பாத்திரம் கழுவி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் டேட்டா தங்கைக்கு. பள்ளி திறந்த பிறகும் இந்த வரிசை மாறவில்லை.

‘வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் உண்டா?’ என்று படிவத்தில் கேட்கிறார்கள். எல்லாரும் ‘ஆம்’ என்றுதான் நிரப்புகிறார்கள். யார் கையில் என்று கேட்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஆளாளுக்குத் தனியாகக் கேட்டது. இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “மிஸ், இதுல தேடினா யாருக்காவது தெரியுமா?” என்றாள். வீட்டு ஃபோனில் அவள் தேடியதையெல்லாம் அண்ணன் பார்ப்பானாம். இன்ஸ்டா பாஸ்வேர்டும் அவனிடம்தான். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, அதைப் பற்றிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். படித்தாள். பிறகு நர்ஸிடம் கூட்டிப்போனேன்.

இன்ஸ்டாகிராமில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. படத்தை எடுத்து மோசமாக மாற்றிப் போடுகிறார்கள். ஆனால் வீட்டில் சொன்னால் இருக்கிற கொஞ்ச நேர ஃபோனும் போய்விடும். அதனால் அந்தப் பெண்கள் வாயே திறப்பதில்லை.

கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி இதற்காகவே நீதிமன்றம் போனார். பெண்கள் விடுதியில் மாலை ஆறிலிருந்து பத்துவரை ஃபோனுக்குத் தடை. எதிர்த்ததற்காக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். இணையம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிப்புக்கு என்று மட்டும் கேட்டிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது நிர்வாகம் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறது: பெயர், நேரம், என்ன தேடினார்கள். பெயரும் நேரமும் எழுதுகிறோம். மூன்றாவது கட்டத்தில் எல்லாப் பெண்களும் ‘படிப்பு’ என்று எழுதுகிறார்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.