தபாலில் வந்த கார்டு

நாற்பத்தாறு வயதில் இலக்கியத்தில் பட்டம் எதற்கு என்று நண்பர் கேட்டார். பட்டத்துக்காக அல்ல, படிப்புக்காக என்றேன். அது பாதிப் பொய். வணிகவியல் படித்துவிட்டுக் கவிதை எழுதுகிறவனுக்கு, தான் கொல்லைப்புறமாக நுழைந்தவன் என்ற கூச்சம் உண்டு. ஒரு சான்றிதழ் அதைப் போக்கிவிடும் என்று நம்பினேன்.

வேலையை விட முடியாது. எனவே தொலைவிலிருந்து படிப்பது. மனசில் இரண்டு இருந்தன. ஒன்று, இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில எம்.ஏ. மொத்தம் 64 கிரெடிட். கிரெடிட்டுக்கு 30 மணி என்பது அவர்கள் கணக்கு. ஆக, 1920 மணி நேரம். மதிப்பெண்ணில் 30 சதவீதம் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் கட்டுரைகளுக்கு, 70 சதவீதம் பரீட்சைக்கு.

மற்றது, அமெரிக்காவில் சில நாட்கள் மட்டும் தங்கிப் படிக்கும் எம்.எஃப்.ஏ. கவிஞர் எலன் பிரையன்ட் வாய்ட் 1976ல் வெர்மான்டின் காடர்ட் கல்லூரியில் தொடங்கிய முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் போலக் கூடுவது. மீதிக் காலமெல்லாம் ஒரே ஆசிரியருக்கு எழுதியதை அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பது. 1981ல் அந்தத் திட்டம் வட கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம் மாறியது. காடர்ட் 2024ல் மூடப்பட்டுவிட்டது. முறை மட்டும் பல கல்லூரிகளில் பரவி நிலைத்திருக்கிறது.

செலவைப் பார்த்தால் இரண்டாவதைப் பற்றி நான் யோசித்திருக்கவே கூடாது. ஆனாலும் மனசு அதையே சுற்றிவந்தது. நான் விரும்பியது கல்லூரியை அல்ல, அந்த ஒரு ஆசிரியரை. என் வரியைப் படித்து, இது வேண்டாம் என்று சொல்லக் கடமைப்பட்ட ஒருவரை.

அப்படி ஒருவர் எனக்கு இருந்தார். ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர். நேரில் பார்த்தது இரண்டே தடவை. பதினொரு வரிக் கவிதை ஒன்றை அனுப்பியிருந்தேன். கார்டில் பதில் வந்தது: 'கடைசி நாலு வரியில் கவிதையை நீங்களே விளக்குகிறீர்கள். ஏழாவது வரியோடு போடட்டுமா?' மூன்று நாள் கோபமாக இருந்தேன். நாலாம் நாள் சரி என்று எழுதிப்போட்டேன். செல்லப்பா 1959ல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்தே நம் புதுக்கவிதை பெரும்பாலும் கற்றுக்கொண்டது இந்த வகுப்பில்தான்.

அவர் இப்போது இல்லை. எந்தக் கட்டணமும் அந்தக் கார்டை எனக்கு வாங்கித் தராது என்று தெரிந்தேதான் எம்.ஏ.வில் சேர்ந்தேன். அது தருவது வேறு. சாசரிலிருந்து தொடங்கி, பிடிக்காததையும் படித்தாக வேண்டிய கட்டாயம். இது சின்ன விஷயம் அல்ல. நம் விமர்சனத்தில் பாதி, பிடித்ததை மட்டும் படித்தவர்களின் அபிப்பிராயம். என்னுடையதும் அதில் சேர்த்தி.

கூச்சம் போகவில்லை. பட்டம் வந்தாலும் போகாது என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற மாதம் ஒரு இளைஞர் கவிதை அனுப்பியிருந்தார். மறுநாள் பரீட்சை. 'படித்தேன், நன்றாக இருக்கிறது' என்று எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். நான் அதைப் படிக்கவே இல்லை. உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். கடைசி இரண்டு வரிகள் வேண்டாம், ஏனென்றால் இன்னது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பரீட்சை சுமாராகத்தான் எழுதினேன்.

அவரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.