மகனின் ஹெட்செட்டும் எமது செவியும்

கணினி விளையாட்டுக்கெனச் செய்யப்பட்ட ஹெட்செட்டில் சங்கீதம் கேட்கலாமா? சென்ற மார்கழி விடுமுறையில் எமது இல்லத்தில் எழுந்த வினா இது. பல மாதங்கள் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து, கம்பியில்லாத ஹெட்செட் ஒன்றை மகன் வாங்கியிருந்தான். "அப்பா, உங்கட பழைய ஹெட்போனை விட இது நல்லாயிருக்கு. ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றான். "வெடிச்சத்தம் கேக்கச் செய்த சாமானில மிருதங்கம் எப்பிடியடா கேக்கும்?" என்று, காதில் மாட்டுமுன்னரே தீர்ப்பு வழங்கிவிட்டோம்.

மிருதங்கம் பயிலும் மகள் விடவில்லை. வயலினும் மிருதங்கமும் சேர்ந்த ஒலிப்பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இதை ரெண்டிலயும் கேப்பம்" என்றாள்.

முதற் சோதனையிலே நாம் வென்றுவிட்டதாகவே எண்ணினோம். வயலின் தொலைபேசிக்குள் இருந்து ஒலிப்பது போலிருந்தது. காரணம் பின்னரே தெரிந்தது. மகன் நண்பர்களுடன் பேசும் செயலியை மூட மறந்திருந்தான். வழமையான புளூடூத் இணைப்பில் ஒலிவாங்கியும் வேலை செய்யத் தொடங்கினால், இசைக்குரிய அகலப் பாதை பெரும்பாலும் மூடப்பட்டு, பேச்சுக்குரிய ஒடுங்கிய பாதையே எஞ்சும். இசைத்தட்டில் ஒலி நொடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகின்றது. அப்பேச்சுப் பாதையிலோ பொதுவாக 16,000 அல்லது 8,000 தடவைதான். அளவையின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் வந்து சேரா. ஆகவே 8,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதுவுமே கேட்கவில்லை. மகன் புளூடூத்தை விடுத்து, கணினியிற் செருகும் சிறு யூஎஸ்பி வாங்கி வழியாக இணைத்தான். வயலின் உயிர்பெற்றது.

ஆயினும் மிருதங்கம் சரிவரவில்லை. தொப்பியின் முழக்கம் வலந்தலையை விழுங்கிக்கொண்டிருந்தது. ஏனைய பறைகள் பலவற்றைப் போலன்றி மிருதங்கத்தின் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளாய் அமைவதையும், வலந்தலை நடுவிலுள்ள கரிய பூச்சே அதற்குக் காரணம் என்பதையும் சர் சி. வி. இராமன் 1920இல் எடுத்துரைத்தார். அந்த மேற்சுரங்கள் மங்கினால் மிருதங்கம் வெறும் மேளமாகிவிடும். வெடியோசை பிரமாண்டமாய்க் கேட்கவேண்டுமென்று இவ்வகைக் கருவிகள் பலவற்றிற் கீழ்ச்சுரங்களை உயர்த்தி வைக்கின்றனர். எதிரி எப்பக்கம் வருகிறான் என்று காட்டுவதற்காகச் சுற்றொலி எனும் ஏற்பாடும் உண்டு. அது இசையிற் சேர்ந்தால் வாத்தியங்கள் குளியலறையில் வாசிப்பது போலாகும். மகன் சுற்றொலியை அணைத்து, கீழ்ச்சுரத்தையும் குறைத்தான். எமது மகிழ்ச்சியும் சற்றுக் குறைந்தது.

உரத்து ஒலிப்பதே நல்லதென்று காது ஏமாறும். எனவே இரண்டின் ஒலியளவையும் இயன்றவரை சமப்படுத்தினோம். கண்ணைக் கட்டிச் சோதிக்க மகள் விரும்பினாள். தலையிலே வைத்தவுடன் பாரமே காட்டிக்கொடுத்துவிட்டதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. (காது வெந்துபோவதும் தனிக்குறை, அரை மணிக்கு மேல் அணிய எம்மால் இயலவில்லை.) பதிலாக, ஒருவரோடொருவர் பேசாமல் மூவரும் தனித்தனித் தாளில் எழுதுவதென்று முடிவாயிற்று.

அதற்கு முன் மகன் குறும்பாக, "அப்பா, முதல்ல காதைச் சோதிப்பம்" என்று தனிச்சுரங்களை ஒவ்வொன்றாய் ஒலிக்கவிட்டான். 15,000 ஹேர்ட்ஸ் வந்தபோது பிள்ளைகள் இருவரும் கையுயர்த்தினர். எப்போது தொடங்குவான் என்று நாம் காத்திருந்தோம். வயது ஏற ஏற உச்சச் சுரங்களே முதலிற் செவியை விட்டு நீங்கும் என்று படித்திருந்தோம். எம்மை விட்டு நீங்கியதை அன்றுதான் அறிந்தோம்.

பின்னர் தாள்கள் விரிக்கப்பட்டன. "தொப்பி புதிதில் நல்லம். வயலின் பழையதில் இயல்பாக இருக்கு. ஆனால் பழையதில் மேலே சீறுது" என்று மகன் தன் கருவிக்குப் பக்கம் சாராமல் எழுதியிருந்தான். மகளும், "நம், சாப்பு ரெண்டும் பழையதில் பிரிந்து கேக்குது, ஆனால் வயலின் உச்சத்தில் ஒரு ஸ்ஸ் சத்தம்" என்றே எழுதியிருந்தாள். பல்லாண்டாய் நாம் போற்றிய ஹெட்போனில் அப்படியொரு சீறல் இருப்பதை நாம் அறிந்ததேயில்லை.

எமது தாளை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் வைத்தோம். மகன் பறித்து, தங்கைக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தான்: "பழையது. வயலினிற் குறை ஏதுமில்லை."