ஹொல்ம்லியாவில் பிரெஞ்சு: சில குறிப்புகள்

"கனடா போக இப்ப பிரெஞ்சு காணுமாம்." ஒஸ்லோவின் ஹொல்ம்லியா சென்டரிலும், பிறந்தநாள் விழாக்களிலும், கோயில் அன்னதான வரிசையிலும் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் இரண்டு வகை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஐடி வேலைக்கு வந்து, ஒஸ்லோவின் குளிரையும் வாடகையையும் தாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒரு வகை. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் மற்ற வகை; அவர்களுடைய மாமிமார், சித்தப்பாமார், மச்சான்மார் எல்லாம் கனடாவின் ஸ்காபரோவில். கேள்விப்பட்ட செய்தி பாதி சரி. மற்றப் பாதியில்தான் ஆட்களின் காசும் காலமும் கரைகின்றன.

*

சரியான பாதி இது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி 2015 ஜனவரி 1 இல் தொடங்கியது. வயது, படிப்பு, வேலை அனுபவம், மொழி எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி, மேலே நிற்பவர்களை நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பார்கள். 2023 இல் சில வகையினரைத் தனியாகக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் அதில் ஒரு வகை. அந்த வருஷம் ஜூலை 12 இல் நடந்த பிரெஞ்சுச் சுற்றில் 3,800 பேருக்கு அழைப்பு. கடைசி ஆளின் புள்ளி 375. 2024 பெப்ரவரி 29 இல் அது 336 வரை இறங்கியது. 2025 மார்ச் 21 இல் ஒரே நாளில் 7,500 அழைப்புகள், 379 புள்ளி வரை.

இதே 2025 பெப்ரவரியில், கனடாவிலேயே வேலை செய்து அனுபவம் சேர்த்தவர்களுக்கான சுற்றில் 521 தேவைப்பட்டது. அந்த நாட்டில் வரி கட்டி, பனி அள்ளி, காத்திருந்தவரை விட 142 புள்ளி குறைந்தவர் பிரெஞ்சால் உள்ளே போகிறார். ஊர் பேசத்தானே செய்யும்.

*

சொல்லப்படாத பாதி: ஏழாம் நிலை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலில் 7 எடுத்தால்தான் பிரெஞ்சுச் சுற்றில் பெயர் சேரும். ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய பி2. பத்திரிகை படிக்கலாம், வானொலி விவாதம் விளங்கும், வாடகை வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கலாம், அந்தளவு மொழி.

தனி ஆள், நல்ல ஆங்கிலம் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். பிரெஞ்சில் நான்கு திறனிலும் 6 எடுத்தால் கிடைப்பது 4 புள்ளி. நான்கிலும் 7 எடுத்தால் இரண்டாம் மொழிக்கு 12, மேலதிகமாக 50, மொத்தம் 62. நான்கிலும் 9 எடுத்தால் 74. மூன்றில் 7 எடுத்து எழுத்தில் மட்டும் 6 இல் நின்றால் அந்த 50 வராது. 10 புள்ளியோடு வீட்டுக்குப் போகலாம். பரீட்சை எழுதியவர்களோடு பேசினால் பெரும்பாலும் எழுத்தில்தான் விழுந்திருப்பார்கள். "கதைக்கிறன், விளங்குது" என்கிறவர்களுக்கு இது எரிச்சலான செய்தி.

*

எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று. நோர்வேயில் எட்டாம் வகுப்பில் ஒரு வெளிநாட்டு மொழி எடுக்கலாம். பெரும்பாலான பள்ளிகளில் ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு. பிள்ளை எதை எடுக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. கணக்கில் எத்தனை என்றுதான் கேட்போம். வீட்டில் தமிழ், தெருவில் நொர்ஸ்க், படத்திலும் பாட்டிலும் ஆங்கிலம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இலக்கணம். அதற்கு மேல் நான்காவது மொழியாக வரும் பிரெஞ்சு, பத்தாம் வகுப்போடு கொப்பிக்குள் மடிந்து கிடக்கும்.

பதின்மூன்று வயதில் தொடங்கிய பிரெஞ்சை விடாமல் இழுத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு இருபத்தைந்தில் ஏழாம் நிலை எட்டாத உயரம் இல்லை. முப்பத்தைந்தில் பூச்சியத்திலிருந்து தொடங்கும் தகப்பனுக்கு அது வேறு கதை.

நோர்வே 2020 ஜனவரி 1 இலிருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. கனடா போய்ப் பிற்காலத்தில் அந்தக் குடியுரிமை எடுத்தாலும் சிவப்புக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை.

*

பலர் தடுக்கி விழும் இடம்: பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் சான்றிதழ். வாழ்நாள் முழுக்கச் செல்லும், பல்கலைக்கழகம் மதிக்கும். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அது செல்லாது. ஏற்கப்படுவது இரண்டே: டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா. பெறுபேறு இரண்டு வருஷத்துக்கு மட்டும். டெல்ஃப் பி2 கையில் இருப்பவரும் இன்னொரு முறை காசு கட்டித்தான் ஆக வேண்டும்.

*

டிசிஎஃப் கனடாவின் பேச்சுப் பரீட்சை 12 நிமிடம், மூன்று பகுதி. முதலில் தன்னைப் பற்றிச் சொல்வது. அடுத்தது, கொடுக்கப்பட்ட சூழ்நிலையில் பரீட்சகரிடம் கேள்வி கேட்டுத் தகவல் எடுப்பது. இதற்கு மட்டும் ஆயத்தப்பட இரண்டு நிமிடம் தருவார்கள். கடைசியில் ஒரு விஷயம் பற்றி ஆயத்தமில்லாமல் அபிப்பிராயம் சொல்வது. 20 க்கு 10 எடுத்தால் ஏழாம் நிலை. பாதிதானே என்று யோசிக்க வேண்டாம். அந்தப் பாதியை எடுக்கத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பக் காசு கட்டுகிறார்கள்.

டெஃப் கனடாவில் ஒரு விளம்பரத்தைக் கையில் தந்து, தொலைபேசியில் விசாரிப்பது போல் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பிறகு இன்னொரு விளம்பரம்: பரீட்சகர் உங்கள் நண்பராக நடிப்பார், "எனக்கு நேரமில்லை", "விலை கூட" என்று மறுத்துக்கொண்டே இருப்பார். நீங்கள் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சீட்டுக்கு ஆள் பிடித்துப் பழகிய எங்கள் சனத்துக்கு மொழி மட்டும் கைவந்தால் இதில் முழுப் புள்ளி கிடைக்கும்.

நோர்வேயின் மொழிப் பரீட்சையான நொர்ஸ்க்ப்ரோவனில் பேச்சுப் பகுதிக்கு இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எரித்திரியரோ போலந்துக்காரரோ, இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். அவர் நன்றாகப் பேசினால் பயம் வரும், பேசாமல் இருந்தால் இன்னும் பயம் வரும்.

*

கோவையிலிருந்து வந்த ஒரு மென்பொருள்காரி, ஹொல்ம்லியாவில் வாடகை வீடு. நோர்வேயில் மூன்று வருஷம் முடியப் போகிறது. மாலையில் நொர்ஸ்க் வகுப்பு, இரவில் இணையத்தில் பிரெஞ்சு வகுப்பு.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணா படிச்சா மண்டை குழம்புது. டீச்சர் 'ஹ்வா ஹேட்டர் டு'ன்னு பேர் கேக்கறாங்க, எனக்கு வாயில 'ழ மப்பெல்'னு வருது."

"முதல்ல நொர்ஸ்க்கை முடியுங்கோ தங்கச்சி. அது கிட்ட இருக்கு."

"கனடாவுல ஸ்கோர் வயசுக்குக் குறையுதே அண்ணா."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனி ஆளுக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளி. 30 இல் 105. 35 இல் 77. 40 இல் 50. 45 இல் பூச்சியம். பிரெஞ்சு படிக்கப் படிக்க ஒரு பக்கம் ஏறும், பிறந்தநாள் வர வர மறுபக்கம் இறங்கும்.

ஆனாலும் என் கணக்கு இதுதான். நோர்வேயில் திறன்சார் வேலைக்கு வந்தவருக்கு மூன்று வருஷத்தில் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. 2017 இலிருந்து அதற்குப் பேச்சில் ஏ1 கேட்டார்கள். 2025 செப்டம்பரிலிருந்து ஏ2. சமூக அறிவுப் பரீட்சையும் சித்தியடைய வேண்டும். பேச்சில் ஏ2 என்பது கடை, டொக்டர், வேலை, வானிலை. பிரெஞ்சு ஏழாம் நிலைக்கு முன் இது சிறிய மலை. ஒஸ்லோவின் டைக்மன் நூலகக் கிளைகளில் இலவச மொழிக் கஃபே நடக்கிறது, கோப்பியும் தருவார்கள். கையில் இருக்கும் நாட்டின் உரிமையை உறுதிப்படுத்திவிட்டுக் கனடாவைப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நோர்வேக்கு வெளியே தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தால் இந்த நிரந்தர உரிமை கைவிட்டுப் போகலாம்.

*

மொழி படித்து நாட்டில் இடம் பிடிப்பது எங்களுக்குப் புதிது இல்லை. 1975 இல் நோர்வே தொழிலாளர் குடிவரவை நிறுத்தியது. மாணவர் வழி திறந்தே இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் ஃபோல்கஹோக்ஸ்கூல என்ற விடுதிப் பள்ளிகளுக்கு வந்தது அந்த வழியால். பாட்டு, கைவேலை, பனிச்சறுக்கு, அதோடு நொர்ஸ்க். பிறகு பலர் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்குப் போனார்கள், பிறகு குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். எண்பதுகளில் மரக்காட்டை வெட்டிக் கட்டிய ஹொல்ம்லியாவின் அடுக்குமாடிகளில் அவர்களில் சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிரெஞ்சுக் கதை சொன்னால் சிரிப்பார்கள். "நாங்கள் ஸ்கீயிங் எல்லாம் படிச்சுத்தானே இருந்தனாங்கள்."

*

கனடா ஏன் இப்படிச் செய்கிறது? கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுவோரின் பங்கு வருஷம் வருஷமாகத் தேய்கிறது. 2023 இல் திருத்திய அதிகாரபூர்வ மொழிச் சட்டம், குடிவரவால் அந்தத் தேய்வைச் சரிக்கட்டச் சொல்கிறது. 2025 க்கு வைத்த இலக்கு, கியூபெக்குக்கு வெளியே குடியேறும் நிரந்தரவாசிகளில் 8.5 சதவீதம் பிரெஞ்சு பேசுபவர்கள்.

ஆகவே பிரெஞ்சால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போகிறவர் கியூபெக்குக்கு வெளியே குடியேறும் எண்ணத்தோடு போக வேண்டும். கியூபெக்குக்குத் தெரிவுமுறை வேறு. பிரெஞ்சு படித்து ரொறன்ரோவில் இறங்கி, ஸ்காபரோவில் தமிழில் மரக்கறி வாங்கி வாழ்வது சட்டப்படி சரியே.

*

கியூபெக்கின் மொன்றியலில் இந்தப் பிரெஞ்சுக் கதை தலைகீழாக நடந்தது. எண்பதுகளில் கனடாவில் இறங்கிய எங்கள் ஆட்கள் பலர் முதலில் தங்கியது அங்கேதான். பார்க் எக்ஸ்டென்ஷன், கோத் தெ நேஜ் பக்கங்களில். 1977 இன் 101ஆம் சட்டப்படி குடியேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். "பிரெஞ்சு வேண்டாம்" என்று பலர் ரொறன்ரோவுக்குப் பெட்டி கட்டினார்கள். நின்றவர்களின் பிள்ளைகள் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் சரளமாகப் பேசுகிறார்கள். ஓடிப் போனவர்களின் மருமக்கள் இப்போது மாதம் மாதம் காசு கட்டி அதே பிரெஞ்சைப் படிக்கிறார்கள்.

*

மொழிப் படி முன்பு இவ்வளவு உயரமாக இருக்கவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவோடு இணைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்திருக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவித்தால் போதும். மொழிப் பரீட்சை கிடையாது. இன்று பாரிஸ் லா ஷப்பலில் கடை வைத்திருப்பவர் பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 காட்ட வேண்டும். 2024 ஜனவரிச் சட்டம் வைத்த இந்தப் படிகள் 2026 இலிருந்து நடைமுறையில். காலம் போகப் போகப் படி உயர்கிறது. நோர்வேயிலும் அப்படித்தான்: குடியுரிமைக்கான பேச்சுநிலை 2022 இல் ஏ2 இலிருந்து பி1 ஆனது.

*

பாரிஸ் உறவுகளுக்கு ஒரு வரி. கனடாவின் தொழில் பட்டியலில் சமையற்காரர் திறன்வேலையில் சேர்வார். சமையலறை உதவியாளர் சேரமாட்டார். பிரெஞ்சு நான்கு திறனிலும் ஏழு இருந்தால் ஆங்கிலம் இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், மேலதிகப் புள்ளி மட்டும் 50 க்குப் பதில் 25. ஆனால் 100 க்கு 67 என்ற நுழைவுக் கணக்கு ஒன்று முன்னால் நிற்கிறது. பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் அதில்தான் தட்டுப்படுவார்கள். பாத்திரம் பண்டம் விற்றுக் காசு கட்டுவதற்கு முன் அந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பாருங்கள்.

*

முகவர்கள். பெயர் வேண்டாம். "மூன்று மாதத்தில் ஏழாம் நிலை, உத்தரவாதம்" என்று ஒருவர் எனக்குத் தெரிந்தவரிடம் முற்பணம் வாங்கினார். மூன்று மாத முடிவில் காசு கட்டியவருக்குத் தெரிந்தது தன் பெயரும் ஊரும் சொல்ல மட்டும். அழைப்புப் புள்ளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். 2024 இன் 336 ஐக் காட்டி 2026 க்கு ஆசை காட்டுகிறவரை நம்ப வேண்டாம். சுற்றுகளின் விபரம் கனடிய அரசின் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

*

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வயது முப்பதுக்குள், பள்ளிப் பிரெஞ்சு கொஞ்சம் மிச்சம், ஒன்றரை இரண்டு வருஷம் தினமும் உட்காரத் தயார் என்றால் தொடங்குங்கள். எழுத்தை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். ஐந்தாம் நிலையில் களைத்து நிறுத்தப் போகிறவர் என்றால் அந்த மாலைகளை நொர்ஸ்க்குக்குக் கொடுங்கள். ஏ2 கையில் வந்தால் நோர்வேயின் குடிவரவுத் திணைக்களமான யூடிஐக்கு அனுப்பும் விண்ணப்பத்திலாவது அது உதவும். எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த முறை மொழிப் படிவத்தை நீங்களும் ஒருதரம் வாங்கிப் பாருங்கள்.