கொன்றது கோடை, பழி குளிருக்கு

ராஜஸ்தானில் ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே இருக்கிறது பலோடி. 2016 மே 19 அன்று இங்கே வெப்பநிலை 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நிழலிலேயே அவ்வளவு என்றால், ஓடி நின்ற ஜீப்பின் பானட்டுக்கு அடியில்? அங்கேதான் இருக்கிறது பேட்டரி, சத்தமில்லாமல் வெந்துகொண்டு.

விசித்திரம் என்னவென்றால், பல பேட்டரிகள் மே மாதத்தைத் தாக்குப்பிடித்துவிடும். பாலைவனம் நடுங்கும் டிசம்பர் அதிகாலையில் டாக்சி டிரைவர் சாவியைத் திருப்புவார். 'டக்' என்று ஒரு சத்தம், செல்ஃப் எடுக்காது. அவர் குளிரைச் சபிப்பார். குளிர் செய்ததெல்லாம் எஞ்சின் ஆயிலைக் கெட்டியாக்கி, கூடுதல் கரண்ட் கேட்டதுதான். கொடுக்கும் சக்தியைக் கோடையே பறித்துவிட்டது. உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி, ஈயத் தகடுகளின் மேற்பகுதி காய்ந்துபோகிறது. அமிலத்தின் அரிப்பும் வேகமெடுக்கிறது. வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் கணக்கு.

நோயைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஓர் இரவு ஓய்வுக்குப் பின் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 என்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி ரெகுலேட்டர். அதைக் கவனிக்காமல் பேட்டரியை மாற்றினால் புதியதும் வெந்துபோகும்.

ஆனால் சாலையோரப் பட்டறைகளில் மீட்டரை விட மலிவான பரிசோதனைகள் உண்டு. இரண்டு டெர்மினலையும் ஒயரால் உரசிப் பொறி பார்ப்பது ஒன்று. தீக்குச்சி கிழித்துத் தண்ணீர் மட்டம் பார்ப்பது இன்னொன்று. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும். வெடித்துச் சிதறுவது கந்தக அமிலம். குனிந்து பார்ப்பது முதலாளி அல்ல, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையன்.

பக்கங்கள் உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ, தொட முடியாதபடி சுட்டாலோ அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. வேறு வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யவும் கூடாது. எஞ்சினை நிறுத்தி, விலகி நின்று, ஆறவிட வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது அதுவே கடைசி. நல்ல பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, ஆசிட் அல்ல. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பழைய பேட்டரிக்குக் கடையில் விலை உண்டு. உள்ளிருக்கும் ஈயத்துக்கு மறுவாழ்வும் உண்டு. பையனின் கண்ணுக்கு இரண்டும் கிடையாது. பட்டறை ஆணியில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி தொங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு புது பேட்டரியின் விலையில் சிறு துளி.