கல்லைத் தின்னும் உயிர்கள்

பேராதனைக்கு வந்த முதலாம் ஆண்டிலே, விடுதி மேசையில் நூல்கள் சரியாதிருக்க முட்டுக்கொடுக்கவென ஊரிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அறைத் தோழர் அதனைக் கண்டு நகைத்தனர். ஹந்தானை மலையடிவாரத்திற் கல்லுக்குப் பஞ்சமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன் பனாட்டுக் கொண்டுவருவான், பினாட்டுக் கொண்டுவருவான். கல்லைச் சுமந்துகொண்டு வருவானா என்பது அவர்கள் வினா. வினாவில் நியாயம் இல்லாமலில்லை.

அது எங்கள் மதிற்கல். மயிலிட்டியிலே, என் அப்பப்பாவின் தகப்பனார் கரையொதுங்கிய முருகைக்கற்களைச் சேர்த்து, சுண்ணாம்புச் சாந்திட்டு எழுப்பிய மதிலின் ஒரு துண்டு. அதனைக் கையிலெடுப்பவர் முதலிற் காண்பது துளைகளையே. ஊசிமுனை நுழையத்தக்கன பல. சுண்டுவிரல் நுழையத்தக்கன சில. அலை மோதி மோதியே அத்துளைகள் விழுந்தன என நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நீர் கல்லைக் கரைக்கும் என்பதுதானே பள்ளிக்கூடத்திற் படித்த பாடம். இங்கு புவியியல் பயிலத் தொடங்கி, வானிலையாலழிதல் பற்றிய விரிவுரைகளைக் கேட்டபின்னரே, அவற்றுட் பெரும்பாலானவை உயிர்கள் இட்ட துளைகள் என அறிந்தேன்.

விரலளவான துளைகளை இடுவது ஒருவகை மட்டி. பேரீச்சம்பழ வடிவமும் நிறமும் உடையது. அதன் விஞ்ஞானப் பெயருக்குக் கிரேக்கத்திற் 'கல்லுண்ணி' என்று பொருள். உண்மையில் அது கல்லை உண்பதில்லை. அமிலத்தன்மையுள்ள சுரப்பினாற் சுண்ணக்கல்லைக் கரைத்துத் தனக்கு ஓர் அறை செய்துகொண்டு, வாயிலில் வரும் நீரை வடித்து உண்டு வாழ்கிறது. குடியிருக்க இடம் தேடும் பிராணி என்பதே பொருத்தம். ஊசிமுனைத் துளைகள் கடற்பஞ்சின் வேலை. இஃது இன்னும் நுணுக்கமான தொழிலாளி. தன் கலங்களாற் கல்லைச் சுற்றிவர அரித்து, கண்ணுக்குப் புலனாகாத சீவல்களாகப் பெயர்த்து வெளியே தள்ளுகிறது. மேற்பரப்பிலே சில புள்ளிகள்தாம் தெரியும். உள்ளே கல் தேன்கூடாகியிருக்கும்.

இத்துளைகள் வரலாறு பேசியதும் உண்டு. இத்தாலியில் நேப்பிள்சுக்கு அண்மையிலுள்ள பொசுவோலியிலே, உரோமர் காலத்துச் சந்தைக் கட்டடமொன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. செராப்பிசு கோயில் என முன்னர் தவறாக அழைக்கப்பட்டது அதுவே. தூண்களின் இடைப்பகுதியிற் பட்டிகை கட்டியதுபோல இம்மட்டியின் துளைகள் உள்ளன. கரையில் நிற்கும் தூணிற் கடல் மட்டி எவ்வாறு ஏறியது? நிலம் கடலுள் அமிழ்ந்து மீண்டும் உயர்ந்திருத்தல் வேண்டும் என முடிவுகொண்ட சாள்சு லயெல், அத்தூண்களின் படத்தையே 1830இல் வெளியான தமது புவிச்சரிதவியல் நூலின் முகப்பில் இட்டார். ஒரு மட்டியின் வீட்டைக்கொண்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தை எழுதிய அவர் துணிவை என்னென்பது!

மட்டியும் கடற்பஞ்சும் மறைந்திருந்து செய்வதை வெளிப்படையாகச் செய்வது கிளிமீன். பற்கள் ஒன்றிணைந்து கிளியின் அலகு போலாகிய வாயினாற் பாறையைச் சுரண்டி, ஆங்கு படர்ந்துள்ள அல்காக்களைக் கல்லோடு சேர்த்தே விழுங்குகிறது. தொண்டையிலுள்ள இன்னொரு பல்வரிசை அதனை மாவாக அரைக்கும். ஊட்டம் உடலிற் சேர, எஞ்சிய கல் வெண்மணலாக வெளியேறும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டொன்றில் நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணலை இவ்வாறு ஆக்கவல்லது. 1836இல் கொக்கோசுத் தீவுகளுக்குச் சென்ற டார்வின், முருகை மேயும் இம்மீன்களைப் பற்றியும் அவற்றின் குடலில் நிறைந்திருந்த சுண்ணமாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். முருகைத் தீவுகளின் கடற்கரையைப் பாற்கடலுக்கு ஒப்பிடும் கவிஞர் அதன் பிறப்பிடத்தை அறியாதிருப்பதே நலம்.

கடல்முள்ளியை விட்டுவிடலாகாது. உடலெங்கும் முள்ளாகிய இவ்வுருண்டைப் பிராணியின் வாயில் ஐந்து பற்கள் உள்ளன. தேயத் தேய வளர்வன. அப்பல்லமைப்பினை முதலில் விவரித்தவர் தத்துவஞானி அரிஸ்ரோட்டில். விளக்கொன்றுடன் அவர் ஒப்பிட்டமையால் இன்றும் அது 'அரிஸ்ரோட்டிலின் விளக்கு' என்றே விலங்கியலில் வழங்குகிறது. கலைப்பீடத்தார் விஞ்ஞான பீடத்தாரிடம் பெருமைப்பட்டுக்கொள்ள இஃதொரு வாய்ப்பு.

நிற்க. இத்தனை வாய்களும் இரவு பகலாக அரிக்குமாயின் முருகைக்கற்பாறை எவ்வாறு எஞ்சுகிறது? இவ்வினாவே என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது. உயிருள்ள முருகை கல்சியங்காபனேற்றைச் சுரந்து தன்னைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. உடைந்த துகள்கள் இடுக்குகளை நிரப்ப, சுண்ணம் படிந்த சிவப்பு அல்காக்கள் அவற்றை ஒட்டவைக்கின்றன. தின்பவையும் வெறும் பகைவரல்ல. 1983இலும் அடுத்த ஆண்டிலும் கரிபியன் கடலின் கருங்கடல்முள்ளிகள் நோயால் மடிந்தன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன என்பர். கல்லைச் சுரண்டும் வாய்கள் ஒழிந்தமையாற் பாறை செழிக்கவில்லை. மேய்வாரின்றி அல்காக்கள் பெருகி, யமேக்கா முதலிய இடங்களில் முருகையையே மூடின.

மறுபுறம், கட்டுபவன் நின்றுவிட்டால் அதே வாய்கள் எமன்களாகின்றன. 1998இல் இந்து சமுத்திரத்து நீர் வெப்பமுற்று முருகைகள் வெளிறின. ஹிக்கடுவையின் உயிர்முருகையிற் பெரும்பகுதி மாண்டது. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் அம்முறை பெரும்பாலும் தப்பின. மாண்ட முருகையை அரிப்பதற்குப் புதிதாக எவ்வுயிரும் வரவேண்டியதில்லை. முன்னரே குடியிருந்தவை தம் வேலையைத் தொடர்ந்தாற் போதும். அரிப்பு கூடாமலே அழிவு வந்துவிடும்.

மனிதனையும் இவ்வுயிர்களின் வரிசையிற் சேர்க்கவேண்டும். தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்புச் சூளைகளுக்கென முருகைக்கல் அகழப்பட்டது. அகழ்ந்த இடங்களூடாக 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கூடிய வலியுடன் உட்புகுந்ததென ஆய்வாளர் எழுதினர். காங்கேசன்துறையிற் சீமெந்துக்காக அகழப்பட்ட குழிகளையோ எங்களூரார்க்கு நான் விவரிக்கவேண்டியதில்லை. என் பூட்டனாரின் மதிலும் கடலிலிருந்து எடுத்த கல்லே.

அம்மதிலை நான் முதன்முதலிற் கண்டது 2017ஆம் ஆண்டிலே. 1990இல் ஊரைவிட்டு வெளியேறிய எங்கள் குடும்பத்தார், மயிலிட்டித் துறைமுகத்தை அண்டிய நிலம் அவ்வாண்டு யூலையில் விடுவிக்கப்பட்டபோது காணியைத் தேடிச் சென்றனர். நான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு உடன் சென்றேன். வீடு இல்லை. தரையும் ஒரு படிக்கட்டும் இருந்தன. மதிலின் வடக்குப் பக்கம் மட்டும் நின்றது. அதன்மேல் ஓர் ஆல் வேர்விட்டு, கற்களைப் பிளந்து, பிளந்த கற்களைத் தன் வேர்களுக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது.

வேரை வெட்டச் சொன்னார் மேசன். வெட்டினால் மதில் விழும் என்றார் அப்பா. விட்டாலும் விழும் என்றார் மேசன். இருவர் கூற்றும் உண்மையே. அப்பப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நாங்கள் இருந்த காலத்திலும் மாரிக்கு மாரி ஆலங்கண்டு முளைச்சதுதான் மோனை. உன்ரை அப்பாச்சி கண்ட கண்ட இடத்திலை பிடுங்கி எறிஞ்சுபோடுவா" என்றார். முப்பது ஆண்டுக்கு மூன்று குறைய அதனைப் பிடுங்க ஒருவரும் அங்கு இருக்கவில்லை. அப்பாச்சி முகாமிலேயே காலமாகிவிட்டார். கட்டுபவன் நின்ற பாறையைப் பற்றிப் பேராதனை நூலகத்திற் படித்தபோதெல்லாம் எனக்கு நினைவில் வந்தது அச்சொற்றொடரே.

பழைய மதிலை அவ்வாறே விட்டு, இரண்டு முழம் உள்ளே தள்ளிச் சீமெந்துக்கல்லாற் புதிய மதில் எழுப்பினோம். விழுந்து கிடந்த கற்களுள் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். பேராதனையின் ஈரத்தில் அதுவும் இப்போது ஒரு புறம் பச்சையாகிவிட்டது. அல்காவோ இலைக்கனோ, தாவரவியல் பயிலும் தோழரிடம் கேட்கவேண்டும்.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையிற் போயிருந்தபோது, புதிய மதிலின் மூலைத் தூணிலே, மாரிமழை நனைத்த வெடிப்பொன்றில், இரண்டு இலைகளோடு ஓர் ஆலங்கன்று நின்றது. அப்பப்பா அதனை எனக்கு முன்னரே கண்டிருந்தார். கத்தியை எடுத்துவரும்படி என்னை உள்ளே அனுப்பினார்.